"இன்னும் எத்தனை நாளைக்கு இந்த வேலை?" என்று கேட்பவரிடம் கவனம்

பழைய வண்ணாரப்பேட்டையில் வக்கீலாக இருக்கிறேன். பண மோசடி வழக்குகள்தான் அதிகம் வரும். சில மாதங்களுக்கு முன் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா வந்தார் (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த 3 லட்சத்தை ஒரு நிதி நிறுவனத்தில் கட்டியிருந்தார். லட்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் என்று பேச்சு. இரண்டு மாதம் சரியாக வந்தது. மூன்றாம் மாதம் போனால் கதவில் பூட்டு.

"எதைப் பார்த்தும்மா நம்பினீங்க?" என்று கேட்டேன். வட்டியைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏசி ரூம்ல சேர் போட்டு உக்கார வெச்சாரு சார்" என்றார்.

மீன் நாற்றம் அடிக்குமே என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கையெழுத்துப் போட வெளியே எடுத்தபோது விரல்களில் இருந்த வெட்டுத் தழும்புகளை அந்த நிறுவனத்து ஆள் பார்த்திருக்கிறார். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா இந்த வேலை? இனிமே உக்காந்து சாப்பிடுங்க." இதைச் சொல்லும்போதுதான் அந்த அம்மா அழுதார். பணம் போன கதையைச் சொன்னபோது அழவில்லை.

பேராசைப்பட்டவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. விடியற்காலையில் எழுந்து ஏலத்தில் மீன் எடுத்து, வெயிலில் உட்கார்ந்து விற்று, 3 லட்சம் சேர்த்தவருக்கா பேராசை? தன் வேலை கேவலமானது என்று ஊர் அவரை நம்ப வைத்திருந்தது. மோசடிக்காரர் அந்த இடத்தைப் பார்த்துக் கை வைத்தார்.

வேறொரு வழக்கில் சமரசம் பேச வந்த எதிர்த்தரப்பு ஆள் சொன்னதையும் இங்கே சொல்ல வேண்டும். பளபளவென்று சட்டை, கழுத்தில் பட்டைச் சங்கிலி. கார் வாடகைக்கு எடுத்தது என்று பிறகு தெரிந்தது. "எங்கப்பா முப்பது வருசம் ஹார்பர்ல மூட்டை தூக்குனாரு சார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு ஓரமாத்தான் நிப்பாரு. நான் கார்ல போய் இறங்கினேன், வாசல்ல வந்து கூட்டிட்டுப் போனாங்க. கார் எப்படி வந்துச்சுன்னு ஒருத்தனும் கேக்கல." பணம் கொடுத்தவர்களைப் பற்றி அவரிடம் துளி வருத்தம் இல்லை. "அவங்களா வந்து குடுத்தாங்க" என்றார். அவர் செய்தது குற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாசலில் வந்து அழைத்துப் போனவர்கள் நாம்தானே? "படிக்கலன்னா மூட்டை தூக்கத்தான் போவே" என்று பிள்ளைகளைத் திட்டுகிற வீடுகள் நம்முடையவைதானே?

சரி, கணக்குக்கு வருவோம். மாதம் 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 120 சதவீதம். நேர்மையான எந்தத் தொழிலும் இதை மாதாமாதம் தராது. முதலில் வரும் "வட்டி" நீங்கள் கட்டிய பணம், அல்லது உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் கட்டிய பணம். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டனில் சார்லஸ் போன்சி என்ற மோசடிக்காரர் 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லி வசூலித்ததும் இதே முறையில்தான்.

பதிவோ அனுமதியோ இல்லாமல் இப்படிப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவது 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி குற்றம். அப்படி டெபாசிட் போடுங்கள் என்று மக்களை அழைப்பதே குற்றம்தான். தமிழ்நாட்டில் 1997 முதல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மோசடி செய்தவரின் சொத்தை முடக்கி, விற்று, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அதில் வழி உண்டு. காலம் பிடிக்கும், முழுப் பணமும் வராமல் போகலாம். ஆனாலும் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்துவிடுங்கள். ஏலச்சீட்டு என்றால் பதிவுத்துறையில் பதிவான சீட்டா என்று முதலில் கேளுங்கள். ஆன்லைனில் பணம் போனால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

பலர் புகார் கொடுக்க வருவதே இல்லை. கமிஷனுக்காக அக்கம்பக்கத்தில் நாலு பேரைச் சேர்த்துவிட்டிருப்பார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம், தன்மேலும் வழக்கு வருமோ என்ற பயம். அந்தக் கூச்சத்தில் ரசீதைக் கிழித்து, வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் அழித்துவிடுகிறார்கள். அந்த அம்மாவின் மகனும் ஆத்திரத்தில் அப்படித்தான் அழித்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் எதையும் அழிக்கவில்லை. அந்த நிறுவனத்து ஆளின் குரல் பதிவுகள் அந்தப் பெண்ணின் போனில் அப்படியே இருந்தன. புகாரோடு சேர்த்துக் கொடுத்த ஆதாரத்தில் முக்கியமானது அதுதான்.