குயர் என்றால் மூன்றாம் பாலினமா? பால்புதுமை என்ற சொல்லைப் பற்றி

பெண்களைக் காதலிக்கும் ஒரு பெண். தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, எந்த நிறுவனத்தின் துணையும் இல்லாமல் இணையத்தில் வெளியிடுகிறார். ஆங்கிலத்தில் தன்னைக் 'குயர் இண்டி சிங்கர் சாங்ரைட்டர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித் தமிழில் செய்தி வந்தால் தலைப்பு 'மூன்றாம் பாலினப் பாடகி' என்று இருக்கும், உள்ளே போனால் 'ஓரினச்சேர்க்கையாளரான இந்த சுதந்திரப் பாடலாசிரியை' என்று இருக்கும். இதை எத்தனை முறைதான் படிப்பது? அவர் சொன்னதில் ஒரு சொல்கூடச் சரியாகத் தமிழுக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், குயரில் தொடங்கி.

குயர் ஆங்கிலத்தில் பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் வந்த சொல். குறுக்கே, கோணலாக என்று பொருள்படும் 'க்வேர்' என்ற ஜெர்மன் சொல்லோடு உறவு இருக்கலாம் என்பார்கள். முதலில் விநோதமான, வழக்கத்துக்கு மாறான என்றுதான் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தன்பாலை நேசிப்பவர்களைத் திட்டும் சொல்லானது. 1980களின் இறுதியில் திட்டு வாங்கியவர்களே அதை எடுத்துத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். 1990இல் நியூயார்க்கில் 'குயர் நேஷன்' என்றே ஓர் அமைப்பு தொடங்கியது. இன்று பாலின அடையாளத்திலோ ஈர்ப்பிலோ, 'ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி, இவர் அவரைத்தான் விரும்ப வேண்டும்' என்ற கட்டத்துக்குள் அடங்காத எல்லாருக்குமான பொதுப்பெயர் அது. அகராதியில் முதல் பொருளை மட்டும் பார்த்து 'விசித்திரமான பாடகர்' என்று எழுதியவர்களும் உண்டு. அதை விட்டுவிடுகிறேன், அது கவனக்குறைவு. என் சண்டை யோசித்துத் தேர்ந்தெடுக்கப்படும் சொற்களோடுதான்.

மூன்றாம் பாலினம் முழுக்கத் தகவல் பிழை. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினம் என்ற அடையாளத்தைச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு பாலின அடையாளத்தைப் பற்றியது, யார் யாரை விரும்புகிறார் என்பதைப் பற்றியது அல்ல. பெண்ணை விரும்பும் பெண், பெண்தான். அவருடைய பாலினத்தை மாற்றி எழுதும் உரிமை செய்தி எழுதுபவருக்கு எங்கிருந்து வந்தது? திருநர்களிலும் பலருக்கு அந்த எண்ணிக்கை பிடிப்பதில்லை. மூன்றாவது என்றால் முதலாவது யார், இரண்டாவது யார் என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. திருநங்கை, திருநம்பி, திருநர் என்று அழகான சொற்கள் புழக்கத்தில் இருக்கும்போது அந்த எண் எதற்கு?

அடுத்தது ஓரினச்சேர்க்கையாளர். என்னை மிகவும் உறுத்தும் சொல் இதுதான், ஏனென்றால் இதை நல்லெண்ணத்தோடும் எழுதுகிறார்கள், ஆதரவுக் கட்டுரைகளில்கூட எழுதுகிறார்கள். முதலில் 'இனம்'. நாம் இனம் என்று சொன்னால் திராவிட இனம், விலங்கினம், இனப்படுகொலை என்றுதான் மனம் போகும். ஆண், பெண் என்ற பிரிவுக்குத் தமிழில் பால் என்று தெளிவான சொல் இருக்கிறது. அப்புறம் 'சேர்க்கை'. இதில்தான் உண்மையான கேடு. ஒரு மனிதரின் காதல், ஏக்கம், வாழ்க்கைத் துணை, குடும்பத்தோடு வரும் சிக்கல் எல்லாவற்றையும் சுருட்டிப் படுக்கையில் கொண்டுபோய்ப் போடுகிறது இந்தச் சொல். எதிர்பாலை விரும்பும் ஓர் இசையமைப்பாளரை யாராவது 'எதிரினச்சேர்க்கையாளரான இசையமைப்பாளர்' என்று எழுதியதுண்டா? எழுதினால் வீட்டில் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

தொல்காப்பியம் அகத்திணையில் உரிப்பொருளாக, அதாவது காதலின் நிலைகளாக, ஐந்தைச் சொல்கிறது: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். ஐந்தில் ஒன்றுதான் புணர்தல். மற்ற நான்கும் காத்திருப்பும் அழுகையும் கோபமும் தூரமும். உலகத்தில் இருக்கும் காதல் பாடல்களை எடுத்து இந்த ஐந்தில் வகைப்படுத்திப் பாருங்கள், முக்கால்வாசி அந்த நான்குக்குள்தான் வந்து விழும். தன்பாலை நேசிப்பவர் எழுதும் பாட்டும் அப்படித்தான். தொல்காப்பியர் பேசுவது கிழவனையும் கிழத்தியையும், அதாவது தலைவனையும் தலைவியையும்தான், தெரியும். ஆனால் காதல் என்பது உடல் சேர்வது மட்டும் இல்லை என்று இலக்கணத்திலேயே வகுத்து வைத்திருக்கும் மொழியில், ஒரு சாராரின் காதலுக்கு மட்டும் மற்ற நான்கையும் வெட்டிவிட்டு 'சேர்க்கை'யை மட்டும் விடுவது என்ன மொழிபெயர்ப்பு? இந்திய தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவு இருந்த காலத்துக் காவல்நிலைய மொழி அது. ஒப்புதலோடு கூடிய வயதுவந்தோர் உறவைக் குற்றமாக்கிய அதன் பகுதியை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. சட்டம் போன பிறகும் அதன் சொல் மட்டும் நம் பத்திரிகைகளில் குடியிருக்கிறது. ஈர்ப்பைத்தான் சொல்ல வேண்டும் என்றால் தன்பாலீர்ப்பாளர் என்ற சொல் இருக்கிறது. அது செயலைச் சொல்லாமல் மனத்தைச் சொல்கிறது.

மாற்றுப் பாலினத்தவர் என்பது இன்னும் நாசூக்கான போட்டியாளர், படித்தவர்கள் விரும்பி எழுதுவது. மாற்றுத்திறனாளி என்ற சொல் நன்றாக நிலைத்துவிட்டதால் அதே அச்சில் இதையும் வார்த்திருக்கிறார்கள். ஆனால் இங்கே அந்த அச்சு பொருந்தவில்லை. 'பாலினம்' என்றதுமே ஈர்ப்பு வெளியே போய்விட்டது, மறுபடியும் அதே மூன்றாம் பாலினக் குழப்பம். 'மாற்று' என்றால் அசல் ஒன்று இருக்கிறது, அதற்குப் பதிலாக வைத்தது இது என்று ஆகிறது. பாலினத்தை மாற்றிக்கொண்டவர் என்றும் படிக்கலாம், பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். பாலியல் சிறுபான்மையினர் என்று இன்னொன்று. மனுவிலும் வழக்கிலும் அதற்கு வேலை இருக்கலாம். ஆனால் நம் செய்திகளில் 'பாலியல்' எந்தச் சொற்களோடு வருகிறது என்று பாருங்கள்: பாலியல் தொல்லை, பாலியல் வன்கொடுமை, பாலியல் புகார். அந்த வரிசையில் ஒரு பாடகரின் பெயரைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வராது.

சரி, எதைத்தான் எழுதுவது? பால்புதுமை. ஆளைச் சொன்னால் பால்புதுமையர். பால்புதுமையினர் என்ற வடிவமும் புழங்குகிறது. சென்னையில் இயங்கும் 'குயர் சென்னை கிரானிக்கிள்ஸ்' போன்ற குழுக்களும் அவர்களைச் சுற்றியிருந்த எழுத்தாளர்களும் விடாமல் பயன்படுத்தி நிலைநிறுத்திய சொல் இது. குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் விரிவான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களை எந்தச் சொல்லால் குறிப்பிட வேண்டும் என்ற சொற்பட்டியல் 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் வெளியானது. காதலித்த இரண்டு பெண்கள் நீதிமன்றம் ஏறியதால் கிடைத்த பட்டியல் அது. அதற்குப் பிறகும் 'சரியான தமிழ்ச்சொல் இல்லை' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது? பால் என்றால் பகுப்பு, பங்கு. பகு என்ற வேரோடு சேர்ந்தது. ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று இலக்கணம் பிரித்தது அந்தப் பொருளில்தான். ஊழ் என்ற பொருளும் அதற்கு உண்டு. தொல்காப்பியக் களவியலில் 'ஒன்றி உயர்ந்த பாலது ஆணையின்' என்று வருவது, இருவரைச் சந்திக்க வைக்கும் விதியைத்தான். பகுப்பு, காதலில் சேர்க்கும் விதி இரண்டும் ஒரே சொல்லில் இருப்பது இந்த இடத்துக்கு எவ்வளவு பொருத்தம்!

'புதுமை' மீது ஓர் ஆட்சேபம் உண்டு. இது ஏதோ நேற்று மேற்கிலிருந்து இறங்கிய நாகரிகம் போல ஒலிக்கிறதே, இவர்கள் எப்போதும் இருந்தவர்கள்தானே என்று. எப்போதும் இருந்தவர்கள்தான், 'பெண்மை சுட்டிய உயர்திணை மருங்கின் ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' என்று, ஆண்மை திரிந்து பெண்மையை நாடியவர்களைக் குறிக்கும் சொல்லைத் தொல்காப்பியரே தனியாக எடுத்துப் பேசுகிறார். ஆனால் புதுமைக்குப் புதிது என்பது மட்டும் பொருள் இல்லை. வழக்கத்தில் இல்லாத ஒன்றைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்கள் 'இது என்ன புதுமையா இருக்கு' என்பார்கள். அங்கே அதற்கு விநோதம், வியப்பு என்று பொருள். ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருளும் அதுதானே? இன்னொரு பக்கம் பாரதியின் புதுமைப் பெண் இருக்கிறாள், நிமிர்ந்த நடையோடு. ஏளனமாகவும் ஒலிக்கக்கூடிய, பெருமையாகவும் சூடிக்கொள்ளக்கூடிய ஒரு சொல் நம்மிடமே கிடைத்திருக்கிறது. திட்டு வாங்கிய தழும்பு அதில் இல்லை என்பது உண்மை. அந்தத் தழும்பை வலிந்து உருவாக்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

குயர் என்றே தமிழெழுத்தில் எழுதினால் என்ன என்பவர்களோடு எனக்குப் பெரிய பகை இல்லை. ஒருவர் தன்னைக் குயர் என்றே சொன்னால், மேற்கோளில் அப்படியே போடுங்கள். 2019இல் பிரக்யா பல்லவி வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'குயரிசம்'. வெளிப்படையாகப் பால்புதுமையர் வாழ்வையே பாடுபொருளாகக் கொண்டு இந்தியாவில் வந்த முன்னோடி ஆல்பம் என்று பேசப்பட்டது. அதன் பெயரை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். ஆனால் அதைப் பற்றி நாம் எழுதும் வாக்கியம் நம்முடையது, அதில் பால்புதுமை வரட்டும். குயர் என்று கேட்கும் தமிழ்க் காதுக்கு அதன் முன்கதை எதுவும் தெரியாது, பால்புதுமை என்றால் பாதியாவது தானாகவே விளங்கும்.

இனி சிங்கர் சாங்ரைட்டர். இதைப் பாடகர், பாடலாசிரியர் என்று பிரித்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சினிமாவால் பாடலாசிரியர் என்றால் வரி எழுதுபவர் மட்டும் என்று ஆகிவிட்டது; மெட்டு இசையமைப்பாளருடையது. ஆகவே இந்த மொழிபெயர்ப்பில் அவர் போட்ட மெட்டு காணாமல் போகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே இசையாசிரியர் வேறு, இயற்றமிழ்ப் புலவர் வேறு, யாழாசிரியர் வேறுதான். வரி, மெட்டு இரண்டையும் ஒருவரே செய்தால் அவர் வாக்கேயக்காரர். பதின்மூன்றாம் நூற்றாண்டு இசை நூலான சங்கீத ரத்னாகரத்தில் அதற்கு விளக்கமே உண்டு. பொருள் கச்சிதம், ஆனால் வடசொல், கச்சேரி மேடையின் வாசனையும் பக்தியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'தானே எழுதி, மெட்டமைத்துப் பாடுபவர்' என்று விரித்து எழுதுவதே நல்லது. நான்கு சொல் ஆகும், ஆகட்டுமே.

இந்த இடத்தில் அந்த மெட்டும் வரியும் ஒருவருடையது என்று சொல்வது முக்கியம். சினிமாப் பாட்டில் 'நான்' என்பது கதாபாத்திரம். ஆண் எழுதுவார், பெண் பாடுவார், திரையில் இன்னொருவர் வாயசைப்பார், யாருடைய காதல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தானே எழுதிப் பாடுபவரின் 'நான்' பெரும்பாலும் அவரேதான், அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் எடை உண்டு. தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்பதில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், அந்த ஓர் எழுத்தில் பாடுபவர் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறார். 'நீ' என்று பாடினால் யாரையும் பாடலாம். இந்தியில் 'நான் போகிறேன்' என்றாலே பாடுபவர் ஆணா பெண்ணா என்று வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் 'போகிறேன்' எல்லாருக்கும் ஒன்றுதான். இவ்வளவு இடம் கொடுக்கும் மொழியில் செய்தி எழுதும்போது மட்டும் ஏன் இவ்வளவு இறுக்கம்? ஆண் பெண் என்ற இரண்டில் எதிலும் தன்னை வைக்காத ஒருவரை வலுக்கட்டாயமாகப் பாடகி ஆக்க வேண்டாம். பாடகர், அவர், கலைஞர், எல்லாம் தயாராகவே இருக்கின்றன.

இண்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுதந்திரப் பாடகர் என்றால் விடுதலைப் போராட்டப் பாட்டுப் பாடியவர் போல இருக்கிறது. சுயேச்சை என்றால் தேர்தல். தனிப்பாடகர் என்பது குழுவில்லாமல் தனியே பாடுபவர். சுயாதீனக் கலைஞர் ஓரளவு நிலைத்துவிட்டது, அது போதும். சினிமாவுக்கு வெளியே என்பதை அழுத்த வேண்டுமானால் திரைசாரா இசை என்று எழுதலாம்.

ஆக அந்த அறிமுகம் இப்படி வரலாம்: 'பால்புதுமையரான இவர், தானே எழுதி, மெட்டமைத்துப் பாடும் சுயாதீனக் கலைஞர்.' தலைப்பில் இதில் எதுவுமே வேண்டியதில்லை. பாடகரின் பெயரும் பாட்டின் பெயரும் போட்டால் போதும். அவருடைய அடையாளம் பாட்டோடு சம்பந்தப்படும் இடத்தில், அவர் சொல்ல விரும்பும் சொல்லில், கட்டுரைக்குள் வரட்டும். எந்தச் சொல் என்று சந்தேகம் வந்தால் அச்சுக்குப் போவதற்கு முன் அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.