மாத ஊசியும் டிபி மாத்திரையும்

மனச்சிதைவு நோய்க்கு மாதம் ஒருமுறை போடும் ஹாலோபெரிடால் டெகனோயேட் ஊசி மருந்து தண்ணீர் மாதிரி இருக்காது. சிரிஞ்சில் ஏற்றும்போதே கொழகொழவென்று மெதுவாக நகரும். காரணம், அது கரைந்திருப்பது சுத்திகரித்த நல்லெண்ணெயில். நம் அடுப்படியில் இருக்கிற அதே எள் எண்ணெய்தான்.

மருந்தோடு ஒரு கொழுப்பு அமிலத்தை இணைத்திருப்பதால் அது எண்ணெயை விட்டு லேசில் வராது. தசைக்குள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, நொதிகள் அந்த இணைப்பை வெட்டிய பிறகுதான் வேலை செய்யும் மருந்தாகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 3 வாரம் ஆகும்.

வயிற்றுக்குள் போகாத மருந்துதானே, மற்ற மாத்திரைகளோடு எப்படி மோதும்? மோதும். இடம் வயிறு இல்லை, கல்லீரல். எந்த வழியாக உள்ளே வந்தாலும் ஹாலோபெரிடாலைச் சிதைத்து அனுப்புவது கல்லீரல் நொதிகள்தான்.

இந்த நோயாளிக்குக் காசநோயும் வந்து ரிஃபாம்பிசின் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மருந்து கல்லீரலை முடுக்கி, நொதிகளைக் கூடுதலாக உருவாக்க வைக்கும். தொட்டியில் விழும் தண்ணீர் அதேதான். அடிக்குழாயை மட்டும் யாரோ அகலத் திறந்துவிட்ட கதை. ஊசி தவறாமல் போட்டும், நோயால் காதில் கேட்டு, அடங்கியிருந்த குரல்கள் மறுபடி கேட்கலாம். வீட்டில், "டிபி மாத்திரை சூடு, அதான் மண்டை கலங்குது" என்பார்கள். வலிப்புக்குத் தரும் கார்பமசெபைனும் இதே வேலையைச் செய்யும். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூஆக்சிடின் நேர்மாறு: குழாயை இறுக்கி, மருந்தைத் தேங்கவிடும்.

டிபி மருந்தை நிறுத்த முடியாது, கூடாது. அதனால் மருத்துவர் ஊசியின் அளவைக் கூட்டலாம். சரி, சிக்கல் தீர்ந்ததா? எனக்கென்னவோ அதற்கு அப்புறம்தான் ஆபத்து அதிகம் என்று படுகிறது. 6 மாதம் கழித்து ரிஃபாம்பிசின் முடிகிறது. சுமார் இரண்டு வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் கூட்டிப் போட்ட மருந்து தசைக்குள் அப்படியே இருக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு ஏறி, கை விறைக்கும், நடுங்கும், ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிப்பு வரும். மாத்திரையென்றால் மறுநாளே நிறுத்தலாம். ஊசியை உறிஞ்சி வெளியே எடுக்க வழியில்லை.

இதெல்லாம் நழுவிப்போவது பெரும்பாலும் டிபி மருந்து தொடங்கும்போது கேட்கும் ஒரே கேள்வியில்தான். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க."

பொய் இல்லை. அவர் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லையே.