லாட்ஜ்னா ரூம் போடற இடம் மட்டுமா?

சிங்கப்பூர் கோல்மன் ஸ்ட்ரீட்ல சிறுவர் அரும்பொருளகத்துக்குப் பக்கத்துல ஃப்ரீமேசன்ஸ் ஹால்னு ஒரு பழைய கட்டடம் இருக்கு. ஃப்ரீமேசன்னா உறுப்பினருங்க மட்டும் கூடுற ஒரு பழைய சகோதரச் சங்கம், அதோட ஒவ்வொரு கிளைக்கும் பேரு லாட்ஜ். ஊர்லேர்ந்து வர்றவங்ககிட்ட இது லாட்ஜ்காரங்க கட்டடம்னு சொல்லிப் பாருங்க, வாடகை எவ்ளோன்னுதான் கேப்பாங்க. அவங்க மேல தப்பில்ல, பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்தச் சொல்லுக்கு அதான் அர்த்தம்.

இது பழைய பிரெஞ்சுல 'லோஜ்'ங்கற சொல்லு, அதுக்கும் முன்னாடி ஜெர்மானிய வேர், தழை போட்ட கொட்டகைன்னு சொல்லலாம். ஐரோப்பால பெரிய தேவாலயம் கட்டறப்போ வேலை வருஷக்கணக்கா இழுக்கும்ல, கல்தச்சருங்க, அதாவது மேசனுங்க, பக்கத்துலயே கொட்டகை போட்டு அங்கயே கல் செதுக்கி, கருவிய வச்சு, சாப்ட்டு, கூலி பேசி இருந்தாங்க, அதான் லாட்ஜ். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 2023 குடமுழுக்குக்கு இந்தியாலேர்ந்து சிற்பிங்க வந்தாங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஆளுங்க. போகப்போக கொட்டகைல கூடுற கூட்டத்துக்கே பேர் ஒட்டிக்கிச்சு. 1717ல லண்டன்ல நாலு லாட்ஜ் சேர்ந்து தலைமைச் சங்கம் வச்சாங்க, கல்லையே தொடாத கனவானுங்க எல்லாம் உள்ள வந்தாச்சு, மூலைமட்டமும் கவராயமும் சின்னமா மட்டும் நின்னுச்சு.

இங்க முதல் லாட்ஜ் 1845ல, பேரு 'ஸெட்லண்ட் இன் தி ஈஸ்ட்', அப்போ இங்கிலாந்து தலைமைச் சங்கத்துக்குத் தலைவரா இருந்த ஸெட்லண்ட் பிரபு பேர்ல. கோல்மன் ஸ்ட்ரீட் ஹால் 1879ல வந்தது. ஆக 34 வருஷம் இந்தக் கட்டடம் இல்லாமயே லாட்ஜ் ஓடிருக்கு! ஜப்பான்காரன் காலத்துல சாங்கில அடைபட்ட மேசனுங்க கைதி முகாம்லயே ரகசியமா கூடிருக்காங்க. இன்னிக்கும் அந்த ஒரே ஹால்ல பல லாட்ஜ் மாத்தி மாத்தி கூடுது.

அதனால விடுதி, தங்குமனைன்னு அகராதியப் பாத்து எழுதறது இங்க சுத்தமா பொருந்தாது. என் கணக்குல ஆளுங்களுக்கு 'கிளைச் சங்கம்', கட்டடத்துக்கு 'மேசன் சங்கக் கூடம்'. 'கழகம்'னும் போடலாம், ஆனா நம்மாளுங்களுக்கு உடனே கட்சி ஞாபகம் வந்துடும்.

மரபுடைமை பத்தி எழுதறவங்களுக்கு ஆளு வேற, கட்டடம் வேறங்கற இந்தப் பிரிவு ரொம்பவே தேவை. பக்கத்துக் கட்டடம் ஸ்கூலா இருந்து, 1995ல தபால்தலை அரும்பொருளகமாகி, 2022 கடைசில பிள்ளைங்களுக்குப் போச்சு, சுவர் நின்னுச்சு, ஆளு மாறிட்டாங்க. ஹால்ல சுவரும் நிக்குது, கட்டினவங்க சங்கமும் அங்கயே கூடுது. ரெண்டையும் 'பழைய லாட்ஜ்'னு ஒரே சொல்லுல போட்டா எது நின்னுச்சுன்னு வாசிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?