தை மாதத்துப் புகை தென்னை உயரத்தில் ஏன் படுத்துவிடுகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில், அழகியபாண்டியபுரத்திலிருந்து தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குப் போகும் வழியில், தை மாதத்துக் காலை ஆறரை மணிக்குக் கூரைகளைக் கவனித்துப் பாருங்கள். கொதும்பும் சிரட்டையும் எரியும் அடுப்பிலிருந்து புகை நேராகக் கிளம்பும். தென்னையின் கொண்டை உயரம் வந்ததும் ஏற்றம் நின்று, பக்கவாட்டில் விரிந்து, வெள்ளைப் பட்டையாகப் பள்ளம் முழுக்கப் படுத்துவிடும். ஆடி மாதத்தில் அதே அடுப்பின் புகை கூரையைத் தாண்டுவதற்குள் கலைந்து போயிருக்கும். எரிகிற விறகின் அளவு மாறவில்லை. மாறியது மேலே இருக்கும் காற்று.

வெயில் ஏறிய பகலில், தரையிலிருந்து மேலே போகப் போக 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் காற்று குளிர்ந்துகொண்டே போகும். புகையும் ஏறும்போது விரிந்து, கிட்டத்தட்ட அதே வீதத்தில்தான் குளிர்கிறது. அதனால் எந்த உயரத்திலும் சுற்றியுள்ள காற்றைவிடச் சற்றுச் சூடாகவும் இலேசாகவும் இருந்து, தடையில்லாமல் ஏறுகிறது. இரவில் கதை வேறு. தரை தன் சூட்டை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகமும் ஈரமும் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மழை ஓய்ந்து வானம் தெளிந்த மார்கழி, தை இரவுகளில் திருப்பி அனுப்ப அதிகம் இல்லை. தரை விரைவாகக் குளிர்கிறது, தரையைத் தொட்ட காற்றும் குளிர்கிறது, அதற்கு மேலே இருக்கும் காற்றோ சூடாகவே நிற்கிறது. கீழே குளிர், மேலே சூடு. இதைத்தான் வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்கிறார்கள். பானைக்கு மூடி போட்டதுபோல, ஏறி வரும் புகை அந்தச் சூடான அடுக்கில் முட்டி நின்றுவிடுகிறது.

இது சமவெளியிலும் நடப்பதுதான். மலையடிவார ஊர்களில் கூடுதலாக மூன்று காரணங்கள் சேருகின்றன. குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் சரிவு வழியே மெல்ல வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். ஓடைக்கரையில் நிற்பவருக்கு மேட்டில் நிற்பவரைவிடக் குளிர்வது இதனால்தான். அடுத்தது, இருபுறமும் மலை இடத்தை அடைத்திருப்பதால் பள்ளத்துக்குள் இருக்கும் காற்றே குறைவு. குறைந்த காற்று சீக்கிரம் குளிரும். கடைசியாக, சூரியன். கிழக்கே மலை மறைக்கும் ஊர்களில் வெயில் தரையைத் தொடவே தாமதமாகிறது. தரை சூடாகி, கீழிருந்து காற்று கிளம்பினால்தான் அந்த அடுக்கு உடையும். சமவெளியில் புகை கலைந்த பிறகும் பள்ளத்தில் அது கிடப்பது இப்படித்தான்.

கணக்கு எளிது. நண்பகலில் 1,000 மீட்டர் உயரம்வரை கலந்துவிடும் புகை, விடியற்காலையில் 100 மீட்டருக்குள் அடைபட்டால், அதே விறகு பத்து மடங்கு அடர்த்தியான புகையைத் தருகிறது.

இந்த அடுக்கைக் காதாலும் கண்டுபிடிக்கலாம். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும். மேலே சூடும் கீழே குளிரும் இருந்தால் ஒலி அலை வளைந்து தரைக்கே திரும்பும். மார்கழி விடியலில் அடுத்த ஊர்க் கோயில் ஒலிபெருக்கியோ தேவாலய மணியோ பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் தெளிவாகக் கேட்டால், புகை மேலே போகாத நேரம் அது.

அடைபடும் புகை எங்கிருந்து வருகிறது? அடுப்பு ஒன்று. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை இன்னொன்று. ஷீட்டில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதே புகையில் உள்ள பீனால் வகைப் பொருள்கள்தான், ஆகவே அங்கே புகை வேண்டுமென்றே உண்டாக்கப்படுகிறது. தீ நாள்கணக்கில் இரவும் பகலும் எரியும். மூன்றாவது சருகு. ரப்பர் மரம் இலை உதிர்ப்பது மார்கழிக் கடைசியிலிருந்து மாசிவரை, அதாவது புகைக்கு மேலே அந்தச் சூடான மூடி விழும் அதே மாதங்களில். விளையில், அதாவது தோட்டத்தில், குவிந்த சருகை அந்தி நேரத்தில் கூட்டிக் கொளுத்துவது பலருக்கும் பழக்கம். காற்று அடங்கும் நேரம், தீ பரவாது என்ற எண்ணம். ஆனால் புகை விடியும்வரை வெளியேற வழியில்லாத நேரமும் அதுவே.

ரப்பர் விவசாயிகளுக்கு இந்த அசையாத காற்று புதிதல்ல. தளிர்விடும் பருவத்தில் பனி விழுந்தால் இளந்தளிரில் சாம்பல் நோய் வரும். அதற்குக் கந்தகத்தூள் தூவுவது அதிகாலையில். காற்று அசையாமல் இருந்தால்தான் தூள் மரத்தலைப்புக்குள்ளேயே தங்கி, பனியில் நனைந்த இலையில் ஒட்டும். தூள் தங்கும் அதே காற்றில்தான் புகையும் தங்குகிறது. இந்த அறிவு விளையில் இருக்கிறது. அந்தித் தீ விஷயத்திலும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

ஆனி, ஆடியில் நிலைமை தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று பல்லாயிரம் கிலோமீட்டர் கடலைக் கடந்து வருவதால் அதில் உப்பும் ஈரமும் உண்டு, புகை மிகக் குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கிடையே நெருக்கப்பட்டு அது இன்னும் வேகம் எடுக்கிறது. முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பது அதற்காகத்தான். தை, மாசியில் வீசுவதோ நிலத்திலிருந்து வரும் வடகிழக்குக் காற்று. 1999 தொடக்கத்தில் வளிமண்டல அறிவியலாளர்கள் வீ. ராமநாதனும் பால் குருட்சனும் தலைமையேற்ற இந்தோயெக்ஸ் என்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு, துணைக்கண்டத்தின் புகைமூட்டம் இந்த மாதங்களில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலேயும் நெடுந்தூரம் பரவுவதை அளந்து காட்டியது. நம் அடுப்புப் புகையோடு எங்கோ எரிந்ததும் கொஞ்சம் சேர்ந்தே வருகிறது.

ஒரு மழை பெய்தால் காற்று கழுவப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. சாலைத் தூசு போன்ற பெரிய துகள் விழும் மழைத்துளியில் மோதிக் கீழே வந்துவிடும். 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய புகைத்துகளில் பெரும்பகுதி துளியைச் சுற்றி ஓடும் காற்றோடு வளைந்து தப்பிவிடுகிறது. அவற்றை விரட்டுவதில் காற்றோட்டத்துக்கே பெரும் பங்கு. நுரையீரலின் கடைசி அறைவரை போவதும் இந்தச் சிறிய துகள்களே. 2.5 மைக்ரானுக்குட்பட்ட துகளுக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணிநேரச் சராசரி 60 மைக்ரோகிராம் என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை 15 ஆக வைத்தது. பச்சை மலையும் ஓடைத் தண்ணீரும் இருக்கும் ஊரில் காற்றும் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். விடியலில் இழுப்போடு எழும் ஆஸ்துமாக்காரருக்கும், அடுப்படியிலேயே நாளைத் தொடங்கும் அம்மாவுக்கும் அப்படி இல்லை.

சரி, சருகை நண்பகலில் கொளுத்தலாமே? புகை மேலே போய்விடும், உண்மை. ஆனால் மாசி வெயிலில், கடல்காற்றும் கிளம்பிய நேரத்தில், காட்டை ஒட்டிய விளையில் தீ வைப்பது அதைவிட ஆபத்து. இரவில் புகை தங்கும், பகலில் தீ ஓடும். சருகு எரிக்க இந்த ஊர்களில் நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. மரத்தடியிலேயே மூடாக்காகப் பரப்பினாலும், மழைநீர்க் குழிகளில் தள்ளினாலும் அடுத்த மழையில் மக்கத் தொடங்கும். மண்ணின் ஈரமும் கோடையில் அவ்வளவு சீக்கிரம் போகாது.