மெடலின் ஓரத்தைத் தேய்க்காதீர்கள்

ஆயுத பூஜை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்றாவது மெடல் என் மேஜைக்கு வந்துவிட்டது. காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில், இன்றைய ஈராக்கில் இருக்கும் பஸ்ரா சண்டைக்குப் போனவர் என்று வீட்டில் சொல்வார்களாம். மெடல் கண்ணாடி மாதிரி மின்னியது. "வெள்ளிக் கடையில் மெஷின் பாலிஷ் போட்டேன் அண்ணா, இப்போ நல்ல விலை போகும்ல?" என்றார். லென்ஸை வைத்து ஓரத்தைச் சுற்றிப் பார்த்தேன். எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் தெரிந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று கிடந்தது. நூறு வருடம் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த பெயர் பத்து நிமிடத்தில் போய்விட்டது. அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

பழைய நாணயமும் மெடலும் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பளபளப்பாக இருந்தால் விலை கூடும் என்று நம்புகிறார்கள். கூடாது. முதல் உலகப் போருக்காகக் கொடுத்த வெள்ளி மெடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். இதே அச்சில் லட்சக்கணக்கில் அடித்துக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டு மெடலை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டுவது விளிம்பில் அடித்திருக்கும் ஒற்றை வரிதான்: படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. அந்த எழுத்து மயிரிழை ஆழம்தான் இருக்கும். புளி, சாம்பல், விபூதி, பல்பொடி, பஃபிங் சக்கரம் எதையும் அது தாங்காது. வெள்ளி கறுத்திருப்பது அழுக்கு இல்லை, வயது. வாங்குகிறவன் அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் நம்புகிறான். மின்னுகிற மெடலைக் கண்டால், எதை மறைக்கத் தேய்த்தார்கள் என்றுதான் முதலில் யோசிப்பான். பெயர் அழிந்துபோன மெடலுக்கு வெள்ளி எடைக்கு என்ன வருமோ அதுதான் கிடைக்கும். ஒரு அவுன்ஸ் அளவுதான் இருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விலையை விடுங்கள். அந்த வரி இருந்தால் தாத்தா எங்கே போனார் என்று தேட முடியும். விளிம்பில் 61 பயனியர்ஸ் என்று இருந்தால், அது 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்காவில் சண்டையிட்ட படை. சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்று இருந்து முன்னால் 2 என்ற எண்ணும் இருந்தால், அது பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலமும் பாதையும் போடுகிற பொறியாளர் படை. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் எண்ணையும் பெயரையும் வைத்துத் தேடலாம். இதெல்லாம் அந்த ஒரு வரியில் தொங்குகிறது.

அதே மெடல் வெண்கலத்திலும் உண்டு. "இது போலி, ஒரிஜினல் வெள்ளியில்தான் இருக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு குடும்பம் அதைப் பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டுவிட்டது. வெண்கல மெடல், துப்பாக்கி ஏந்தாமல் ராணுவத்தின் தொழிலாளர் படைகளில் போய் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தது. வெள்ளியைவிட அதுதான் அரிது. தயவுசெய்து எதையும் எடைக்குப் போடும் முன் ஓரத்தைப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரின் ஆறுமுனை நட்சத்திரங்கள் வேறு விதம். பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார் போன்றவை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரில்லாமல்தான் வந்தன. இந்திய வீரர்களுக்குக் கொடுத்ததில் பெரும்பாலும் பெயர் அடித்திருக்கும். அதனால் பெயரில்லாமல் மொட்டையாக இருப்பதை உங்கள் தாத்தாவுடையது என்று யாராவது கதை சொல்லி விற்க வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 1971 சண்டைக்கான பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல் எல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அவற்றைச் சின்னதாக நினைக்க வேண்டாம்.

ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கம்பெனி காசைப் பற்றி வாரம் ஒருவர் கேட்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அவ்வளவுதான்.

இன்னொன்று, பாகப்பிரிவினை. மூத்தவருக்கு வெள்ளி, இளையவருக்கு வெண்கலம், தங்கச்சிக்கு நட்சத்திரம் என்று பிரித்துவிடுகிறார்கள். ஒருவருடைய மெடல்கள் ஒன்றாக இருந்தால்தான் அது செட். ஒரே வீட்டில் வைத்துவிட்டு மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் நைந்திருந்தாலும் புதுசு மாற்ற வேண்டாம். படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டை லேமினேஷன் போடவே போடாதீர்கள். அதைத் திரும்பப் பிரிக்க முயன்றால் மையோடு காகிதமும் சேர்ந்து வரும். பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம். பழைய பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

மெடலோடு பெட்டியில் தோட்டா கிடந்தால், அது எவ்வளவு பழசாக இருந்தாலும், கையில் எடுத்து ஆட்டாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். என்னிடம் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவராதீர்கள், இரண்டு முறை வந்துவிட்டது. ராயக்கோட்டை மலையில் இரும்புக் குண்டு பொறுக்கினேன் என்று வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: அது பாதுகாக்கப்பட்ட கோட்டை, அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அப்புறம், நூறு வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. லண்டனில் ஆள் இருக்கிறான், கூரியரில் போட்டால் போதும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மெடலைப் படத்துக்கு முன்னால் வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சந்தனம், குங்குமம் மட்டும் பெட்டியின் மூடிக்கு வைத்துவிடுங்கள்.