ஏறும் காலை யார் தூக்குகிறார்கள்?

மன்னார்குடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிரையத்லான் பழகுகிறாராம். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், இரண்டு காலும் தனித்தனியாகச் சுற்றும் கிராங்க் (பெடல் கட்டையை அச்சோடு இணைக்கும் தண்டு) ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்கிறாராம். அதைப் போட்டு ஓட்டினால் சைக்கிளிலும் வேகம் கூடும், அடுத்து வரும் ஓட்டத்திலும் கால் லேசாக இருக்கும் என்று விளம்பரம் சொல்கிறதாம். "நம்பலாமா சார்?"

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து. ஒலிம்பிக் கணக்கில் 1.5 கி.மீ., 40 கி.மீ., 10 கி.மீ. சைக்கிளை விட்டு இறங்கி ஓட ஆரம்பித்தால் கால் யாருடையதோ மாதிரி இருக்கும். அந்த வேதனையை நம்பித்தான் இந்தச் சாமான் விற்கிறது.

சாதாரண சைக்கிளில் பெடல் கட்டையைப் பிடித்திருக்கும் இரண்டு கிராங்குகளும் ஒரே அச்சில் எதிரெதிராக இறுகியிருக்கும். 70 கிலோ ஆளின் ஒரு கால் ஏறக்குறைய 11 கிலோ வரும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால், கிராங்க் 17 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பாதமும் நிமிடத்துக்கு 90 தடவை 34 செ.மீ. மேலே ஏற வேண்டும். யார் தூக்குகிறார்கள்? நாம்தான் தூக்குகிறோம் என்று தோன்றும், பெரும்பாலும் இல்லை. இறங்கும் காலின் எடை ஏறும் காலின் எடையைச் சமன் செய்துவிடுகிறது. கிணற்று ஏற்றம் மாதிரிதான் (ஆற்றுத் தண்ணீரும் மதகும் இருக்கிற நம் பக்கத்தில் ஏற்றம் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள், தாத்தாவைக் கேளுங்கள்). ஒரு முனை இறங்கினால் மறுமுனை தானாக ஏறும்.

இந்தப் புது கிராங்க் அந்த ஏற்ற மரத்தை நடுவில் அறுத்துவிடுகிறது. இடது காலை இடது கால்தான் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அது கீழேயே தொங்கும், இரண்டு கிராங்கும் எதிரெதிராக நிற்பதை விட்டு ஒன்றையொன்று துரத்தும்.

இதைச் செய்வது ஒன்வே கிளட்ச், ஒரு திசையில் மட்டும் பிடித்து மறுதிசையில் விட்டுவிடும் சாமான். எனக்கு உயிர். கும்பகோணத்தில் ஒரு மெக்கானிக் கடையில் பைக்கின் செல்ஃப் ஸ்டார்ட் கிளட்சைப் பிரித்தபோது அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன், வாங்கப் போன வெற்றிலை மறந்துபோய் வீட்டில் திட்டு. உள்ளே மூன்று குட்டி எஃகு உருளை, மூன்று ஸ்பிரிங், அவ்வளவுதான். ஒவ்வொரு உருளையும் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும் பள்ளத்தில் கிடக்கிறது, ஸ்பிரிங் அதைக் குறுகல் பக்கமாக மெல்ல நெருக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு திசையில் சுற்றினால் உருளை குறுகலுக்குள் போய் ஆப்பாக இறுகும், விசை கூடக் கூட இன்னும் இறுகும். எதிர்த் திசையில் உருளை அகலப் பக்கம் நழுவி ஆளை விட்டுவிடும். மேட்டில் நிற்கும் லாரியின் பின்சக்கரத்துக்குக் கிளீனர் கட்டை வைப்பாரே, பின்னால் உருண்டால் பிடிக்கும், முன்னால் போனால் ஒன்றும் செய்யாது, அதேதான். சைக்கிள் பின்சக்கரத்து பிரீவீலும் ஒருவழிதான், ஆனால் அதில் பல் உண்டு. அடுத்த பல்லில் மாட்டும்வரை கொஞ்சம் வெற்றாகச் சுற்றும், டிக்டிக் என்று சத்தமும் போடும். உருளையில் பல்லே கிடையாது, எந்த இடத்திலும் உடனே பிடித்துக்கொள்ளும், சத்தமும் இல்லை. இப்படிப்பட்ட ஒருவழிப் பிடியை ஒவ்வொரு கிராங்குக்கும் ஒன்றாக வைத்தால் போதும்: கால் அச்சைத் தள்ளலாம், அச்சு காலைத் தள்ள முடியாது.

சரி, பலன்? பவர்கிராங்க்ஸ் என்ற பெயரில் வந்த இதை வைத்து 2003-ல் ஒரு ஆய்வு வெளியானது. 12 பேர், அதில் 6 பேருக்குத்தான் இந்த கிராங்க், 6 வாரம். செலவழிக்கும் சக்தியில் சைக்கிளுக்குப் போய்ச் சேரும் பங்கு அவர்களுக்குக் கூடியது. விளம்பரக்காரர்களுக்கு அது போதும். ஆனால் 2008-ல் இதே மாதிரி வேறொரு கிராங்கில் 5 வாரம் பழக்கிப் பார்த்ததில் மிதிக்கும் விதம் மாறியது, மிதிக்கும் பவர் கூடவில்லை. அதற்கு முன் 2007-ல் சாதாரண கிராங்கிலேயே பெடலை மேலே இழுத்து ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள்: விசை சுற்று முழுக்கச் சீராகப் பரவியது, சக்திச் செலவோ கூடிவிட்டது. காரணம் எளிது. தொடையின் முன்பக்கமும் புட்டமும் பெரிய தசைகள், மிதிப்பதற்கென்றே வளர்ந்தவை. காலைத் தூக்கும் இடுப்புத் தசை சின்னது. பெரிய ஆள் சும்மா செய்து கொடுத்த வேலையைப் பிடுங்கிச் சின்ன ஆளிடம் கொடுத்தால் மூச்சு வாங்காதா?

ஆறு பேரை வைத்து முடிவு சொல்வது எனக்குப் பிடிப்பதே இல்லை. நூறு பேரை ஒரு வருடம் பழக்கி அளக்க யார் காசு கொடுப்பார்? விற்பவருக்கு அவசியமில்லை, அரசுக்குப் பதக்கம் வந்த பிறகு மாலை போடத்தான் பணம் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நம்பிக்கை நுழைகிறது. புது சைக்கிளுக்கு எலுமிச்சம்பழம் கட்டுபவரைப் பார்த்துச் சிரிப்பவர்களே கிராங்க் விளம்பரத்தை அப்படியே நம்புகிறார்கள். எலுமிச்சம்பழம் விலை குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓட்டத்துக்காவது உதவாதா என்றால், இடுப்புத் தசைக்கு நல்ல பயிற்சிதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓடும்போது அந்தத் தசை முதலில் இழுபட்டு, ரப்பர் மாதிரி சுருங்கிக் காலை முன்னே வீசும். பெடலில் அந்த இழுப்பு அவ்வளவு கிடையாது. ஒன்றில் பழகியது மற்றதற்கு அப்படியே போய்ச் சேரும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

தம்பி, அண்ணனிடம் ஓடுவதற்கு நல்ல ஷூ கேளுங்கள். கிராங்கின் ருசி தெரிய வேண்டும் என்றால் வீட்டுப் பழைய சைக்கிளை மெயின் ஸ்டாண்டில் போட்டு, ஒரு பாதத்தைத் துண்டால் பெடல் கட்டையோடு கட்டி, அந்த ஒற்றைக் காலால் மட்டும் சுற்றுங்கள். மறுபக்கம் கால் இல்லாததால் தூக்கிவிட ஆள் கிடையாது. நான் செய்தேன். ஒரு நிமிடம் ஜம்மென்று போனது. இரண்டாவது நிமிடத்தில் தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் பிடித்துக்கொண்டு கால் அடியிலேயே நின்றுவிட்டது. துண்டின் முடிச்சை அவிழ்க்கக் குனியவும் முடியவில்லை, வீட்டில் கூப்பிட்டுத்தான் அவிழ்த்தேன்.