டிஃப் ஆக மாற்றினால் போன புள்ளி திரும்பாது

சென்ற மாதம் ஒருவர் வன்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். தம் தாத்தாவும் அவருடைய நண்பர்களும் 1950களில் ஊரில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் 412 பக்கங்களை அவரே வீட்டில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பக்கத்தையும் 26 எம்பி அளவுள்ள டிஃப் (TIFF) என்ற வடிவப் படக் கோப்பாக, வரிசை எண் பிசகாமல் அடுக்கி வைத்திருந்தார். லினக்ஸில் கட்டளை எழுதி இரண்டே வார இறுதிகளில் வேலையை முடித்துவிட்டதாக அவர் சொன்னபோது, அந்த முகத்தில் இருந்த பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு பக்கத்தைத் திறந்து 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கியதுமே நிலைமை தெரிந்துவிட்டது. பழுப்பேறிய தாளில் பென்சிலால் எழுதியிருந்த வரிகள் சதுரம் சதுரமாகக் கட்டமிட்டுத் தெரிந்தன; மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளி இருந்திருக்க வேண்டிய இடங்களில் தாளின் நிறம் மட்டுமே இருந்தது. ‘வந்தார்கள்’ என்பது ‘வநதாரகள’ என்று கிடந்தது. ஓலை கிழிந்துவிடும் என்பதற்காகச் சுவடி எழுதியவர்கள் புள்ளி வைக்காமல் விட்டார்கள். இங்கே காகிதத்தில் கவனமாக வைத்த புள்ளியைக் கணினியில் அழித்திருக்கிறோம்.

மூலத் தாள்கள் எங்கே என்று கேட்டேன். “அதான் டிஜிட்டல் பண்ணியாச்சே சார், வீடு மாத்தும்போது எடைக்குப் போட்டுட்டோம்” என்றார்.

இந்த ஆண்டில் என்னிடம் இப்படி வந்த நான்காவது வன்தட்டு இது. ஆகவே என் குரல் ஓரிரு இடங்களில் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய மடிக்கணினியில் இருந்த கட்டளை வரலாற்றை வாங்கிப் பார்த்தேன். முதலில் ஸ்கேனரை இயக்கும் ஸ்கேன்இமேஜ் கட்டளையை ஜேபெக் (JPEG) வடிவத்தில், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்), வண்ணத்தில் ஓட்டியிருக்கிறார். பிறகு தலைகீழாக இருந்த பக்கங்களை, படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் மோக்ரிஃபை கட்டளை கொண்டு திருப்பியிருக்கிறார். அதன்பின் உறவினர்களுக்கு அனுப்புவதற்காகத் தர அளவை 40 எனக் கொடுத்து, அதே கோப்புறையில், அதே கோப்புகள்மேல் மீண்டும் மோக்ரிஃபையை ஓட்டியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து, ஆவணங்களைச் சேர்க்கும் இடம் ஒன்றில் டிஃப் வேண்டும் என்று கேட்டதால், எல்லாவற்றையும் சுருக்கமற்ற டிஃப் ஆக மாற்றியிருக்கிறார். இந்த நான்கு வரிகளில் ஒன்றுகூடப் பிழைச் செய்தி காட்டவில்லை, காட்டவும் செய்யாது. கணினியைப் பொறுத்தவரை சொன்ன வேலை ஒழுங்காக முடிந்துவிட்டது.

என்னை மிகவும் எரிச்சல்படுத்துவது அந்த நான்காவது வரியின் பின்னால் இருக்கும் நம்பிக்கைதான். டிஃப் என்பது உயர்ந்த தரம், ஜேபெக் என்பது தாழ்ந்த தரம், ஆகவே ஜேபெக்கை டிஃப் ஆக மாற்றினால் தரம் உயரும் என்று, படித்தவர்கள், கணினித் துறையிலேயே வேலை செய்பவர்கள்கூட நம்புகிறார்கள். காற்படி அரிசியைக் கோணிப்பைக்குள் கொட்டிக் கட்டினால் அது ஒரு மூட்டை அரிசி ஆகிவிடுமா? டிஃப் என்பது ஒரு பை. உள்ளே போட்டதை அப்படியே வைத்திருக்கும். போடாததை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு முக்கியமில்லை என்று அது கருதும் நுண்வேறுபாடுகளைத் தூக்கி எறிகிறது. பழுப்புத் தாளில் வெளிறிய பென்சில் புள்ளி என்பது அந்தக் கணக்கில் முதலில் எறியப்படும் பொருள். எறிந்தபின் எஞ்சிய சதுரத்தைத்தான் டிஃப் பத்திரமாகப் பாதுகாக்கிறது. எதை? புள்ளி இல்லாத சதுரத்தை.

“ஆனால் கோப்பு 26 எம்பி இருக்கிறதே” என்று அவரும் கேட்டார், அவருக்கு முன் வந்த மூவரும் கேட்டார்கள். 300 டிபிஐயில் ஏ4 தாள் என்பது 2480-க்கு 3508 பிக்சல். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். பெருக்கிப் பாருங்கள், 2 கோடியே 60 லட்சத்து 99 ஆயிரத்துச் சொச்சம் பைட் வரும். சுருக்கமற்ற டிஃப்பில் எதை வைத்தாலும் இதே அளவுதான். நம்பாதவர்கள் ஒன்றுமே எழுதாத வெள்ளைத் தாள் ஒன்றை ஸ்கேன் செய்து பார்க்கலாம். அதுவும் 26 எம்பிதான் இருக்கும். கோப்பின் பருமன் தகவலின் பருமன் அல்ல என்பதை இதைவிட எளிதாக எனக்கு விளக்கத் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: டிஃப்புக்குள் ஜேபெக் சுருக்கத்தையே வைத்துக் கட்டவும் வழி உண்டு. சுருக்க முறையைக் குறிப்பிடாமல் ஜேபெக்கிலிருந்து டிஃப்புக்கு மாற்றினால் இமேஜ்மேஜிக் அப்படிச் செய்துவிடுவது உண்டு. யாராவது டிஃப் கொடுத்தால் நாங்கள் முதலில் டிஃப்இன்ஃபோ கட்டளையை ஓட்டி, சுருக்க முறை என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது இதனால்தான்.

சரி, ஸ்கேன் செய்யும்போது எதைத் தேர்வது? மூலப்படி டிஃப் ஆகவோ பிஎன்ஜி ஆகவோ இருக்கட்டும். இரண்டும் இழப்பற்றவை, இவற்றுள் எது சிறந்தது என்று நீண்ட நேரம் வாதிடுபவர்களோடு நான் சேர்வதில்லை. ஸ்கேன்இமேஜ் தரும் டிஃப் சுருக்கமில்லாமல் வரும். இடம் போதாதென்றால், டிஃப்பை நகலெடுக்கும் டிஃப்சிபி கட்டளையில் எல்இசட்டபிள்யூ அல்லது ஜிப் சுருக்கத்தைக் கேளுங்கள், ஒரு பிக்சலும் மாறாது. ஜேபெக்கை ஸ்கேன்இமேஜிடம் நேரடியாகக் கேட்காதீர்கள். தர அளவைக் கூட்டிக் கொடுக்க அதில் இடமில்லை. போதாக்குறைக்கு, ஜேபெக் வழக்கமாக நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்தே சேமிப்பதால் பத்திரங்களில் உள்ள சிவப்பு முத்திரையும் நீல மைக் கையொப்பமும் ஓரம் கரைந்து வரும். இடம் போதாது என்ற சாக்கையும் நான் ஏற்பதில்லை. சுருக்கமே இல்லாமல் வைத்தாலும் அந்த 412 பக்கங்கள் 11 ஜிபிக்குள் அடங்கிவிடும். 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றே போதும்.

கறுப்பு வெள்ளை மட்டும் உள்ள அச்சுப் பக்கங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே சிக்கனம் நியாயமானது. ஒரு பிக்சலுக்கு ஒரு பிட் என்ற லைன்ஆர்ட் முறையில் அதே ஏ4 பக்கம் 1 எம்பியைச் சற்றுத் தாண்டும். அதை டிஃப்சிபியில் ஜி4 சுருக்கத்துக்கு மாற்றினால் சாதாரண அச்சுப் பக்கம் பெரும்பாலும் 100 கேபிக்குள் சுருங்கிவிடும். தொலைநகலுக்காக உருவான இந்தச் சுருக்கமும் இழப்பற்றதுதான். ஆனால் லைன்ஆர்ட் முறையில் ஸ்கேனர் ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பா வெள்ளையா என்று அந்த நொடியிலேயே முடிவு கட்டிவிடுகிறது. நல்ல மை, நல்ல தாள் என்றால் கவலையில்லை. மங்கிய அச்சு, பென்சில், சைக்ளோஸ்டைல், ஈரம் பட்ட தாள் என்றால் தயவுசெய்து சாம்பல் முறையிலாவது எடுங்கள். கறுப்பு வெள்ளையாக்கும் முடிவைப் பின்னால் நிதானமாக எடுக்கலாம். தமிழ் அச்சில் மெய்யின் புள்ளி ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 300 டிபிஐயில் அது மூன்று நான்கு பிக்சல்தான். 150 டிபிஐக்கு இறங்கினால் இரண்டு பிக்சல்கூட நிச்சயமில்லை. படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி அதைத் தூசி என்று எண்ணித் துடைத்துவிட்டால் குற்றம் எழுத்துணரியுடையது அல்ல.

மோக்ரிஃபையைப் பற்றி இரண்டு வாக்கியம். ஒரே வடிவத்துக்குள் திருப்பவோ சிறிதாக்கவோ அதை ஓட்டினால் அது புதுக் கோப்பு எழுதாது, பழைய கோப்பின் மேலேயே எழுதும். அதுவும் ஜேபெக் என்றால் ஒவ்வொரு முறையும் விரித்து மறுபடி சுருக்கும். ஜேபெக்கை வெறுமனே திருப்ப மட்டும் வேண்டுமானால் ஜேபெக்டிரான் என்ற கட்டளை இருக்கிறது, அது விரிக்காமலேயே திருப்பும். ஸ்கேன் முடிந்த அன்றே மூலக் கோப்புறையின் எழுதும் உரிமையை சிமோட் கட்டளை கொடுத்து எடுத்துவிடுங்கள், கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் ஷா256சம் பட்டியல் ஒன்றை எழுதி அருகில் வையுங்கள், திருத்தம் எல்லாவற்றையும் நகலில் செய்யுங்கள். இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகுமா?

பார்வைக்கும் பகிர்வுக்கும் ஜேபெக் நல்ல வடிவம்தான், அதை நான் தீண்டத் தகாததாகச் சொல்லவில்லை. பிடிஎஃப் செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். ஐஎம்ஜி2பிடிஎஃப் கட்டளை கொடுத்த படத்தைத் தரம் குறைக்காமல் பிடிஎஃப்புக்குள் வைக்கும். ஏதோ ஒரு மாற்றிக் கருவியிடம் கொடுத்தால் அது தன் விருப்பப்படி சுருக்கிவிடும். கையில் இருக்கும் பிடிஎஃப்புக்குள் என்ன இருக்கிறது என்று அறிய, பிடிஎஃப்இமேஜஸ் கட்டளையில் பட்டியல் கேளுங்கள். படத்தின் சுருக்க முறையும் அடர்த்தியும் வரிசையாக வரும். அதில் ஜேபிக்2 (JBIG2) என்ற கறுப்பு வெள்ளைப் படச் சுருக்க முறையைக் கண்டால் யார், எந்த அமைப்பில் செய்தார்கள் என்று விசாரியுங்கள். அதன் இழப்புள்ள முறை ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளைத் தேடி, ஒன்றின் படத்தையே மற்றவற்றின் இடத்திலும் ஒட்டிவிடும். 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த மூன்று அறைகளும் 14.13 என்றே வந்ததைக் காட்டினார். எண் மங்கவில்லை, தெளிவாகவே இருந்தது, தப்பாக இருந்தது. ‘ன’வும் ‘ண’வும், காலும் ‘ர’வும் உள்ள மொழியில் அந்த முறையை நான் ஓட்ட மாட்டேன்.

அந்த வன்தட்டுக்கு வருகிறேன். 412 பக்கங்களுக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கூர்மையாக்கும் கருவி எதை ஓட்டினாலும் சதுரங்கள்தாம் கூர்மையாகின்றன. ஆனால் மூலையில் ‘திறக்காதவை’ என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. முதல் நாள் மாலை அவர் வடிவம் எதையும் குறிப்பிடாமல் ஸ்கேன்இமேஜை ஓட்டி, வெளியீட்டை ஜேபிஜி என்று முடியும் பெயருள்ள கோப்புகளுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். பெயரை அப்படி வைத்தால் படமும் ஜேபெக் ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார். படம் காட்டும் செயலி, இது ஜேபெக் அல்ல, பதினறும எண்ணில் 50, 36 என்று தொடங்குகிறது என்று சொல்லித் திறக்க மறுத்ததால், கெட்டுப்போனவை என்று ஒதுக்கிவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்கியிருக்கிறார். அந்த 50, 36 என்பது பி என்ற எழுத்தும் 6 என்ற எண்ணும். வடிவம் குறிப்பிடாதபோது ஸ்கேன்இமேஜ் எழுதும் பிஎன்எம் என்ற சுருக்கமற்ற வண்ணப் படக் கோப்பு அப்படித்தான் தொடங்கும். கோப்பின் வகையைச் சொல்லும் ஃபைல் என்ற கட்டளையை ஓட்டியிருந்தால் அவருக்கே அது சொல்லியிருக்கும்.

பெயரின் பின்னொட்டைப் பிஎன்எம்மின் வண்ண வகையான பிபிஎம் என்று திருத்தினோம். பதினேழு பக்கங்கள் திறந்தன. பிஎன்எம் வடிவம் டிபிஐயைப் பதிந்து வைப்பதில்லை என்பதால், 300 என்று கையால் எழுதி டிஃப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. விட்டிருந்தால் ஐஎம்ஜி2பிடிஎஃப் 96 என்று எடுத்துக்கொண்டு 65 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பக்கம் செய்திருக்கும். முதல் பக்கத்தை 400 விழுக்காட்டில் வைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஆசிரியர் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால், வேறொரு கையெழுத்தில், ‘அடுத்த இதழில் தொடரும்’ என்று எழுதி இருந்தது. மூன்று புள்ளிகளும் இருந்தன.